வரியில்லாம வாங்கின கருப்பு ஷூ

நம்ம செட்டு ஆளுங்க எல்லாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறேன். வாய்ஸ் மெசேஜா அனுப்பலாம்னு பாத்தேன். மூணு தடவை ஆரம்பிச்சேன், மூணு தடவையும் முதல் வரியத் தாண்டல. எழுதினா அழிச்சு அழிச்சு எழுதலாம் பாருங்க. நீளமாத்தான் இருக்கும். கண்ணாடியப் போட்டுக்கிட்டு பொறுமையாப் படிங்க. பாதியில நிறுத்திட்டு ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் அனுப்பாதீங்க, சொல்லிட்டேன்.

போன வாரம் குரூப்ல ஒரு விளம்பரம் வந்துச்சே. ஸ்கூல் திறக்கப் போறாங்க, பத்து நாளைக்கு பை, ஷூ, யூனிஃபார்ம் எதுக்கும் ஜிஎஸ்டி கிடையாது, அதைக் கடையே கட்டிடும்னு. ஆளாளுக்குப் பேரப்பிள்ளைங்க கால் சைஸ் என்னன்னு மகளுக்கும் மருமகளுக்கும் போன் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அப்போ நம்ம உப்பள மேஸ்திரி பொண்ணு ஒண்ணு எழுதினா. "பாத்துடி, நம்ம தெருவுலயும் ஒருத்தி டாக்ஸ் இல்லாம வாங்கித் தர்றேன்னு போயி, ப்ளாட்பாரத்து ஷூவ வாங்கியாந்து நம்ம தலையில கட்டினாளே"ன்னு. அதுக்குக் கீழ வரிசையா சிரிக்கிற மூஞ்சிங்க. அதுல ஒரு மூஞ்சி என்னோடது.

ஆமா, நானும்தான் சிரிச்சேன். விரல் தன்னால போயி அமுக்கிடுச்சு. அடுப்புல பால் பொங்கி வழியுது, நான் போனையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்னு இருந்துச்சு.

அவ சொன்ன அந்த ஒருத்தி எங்க அத்தை. எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்த அக்கா. ப்ளாட்பாரத்துல அவங்க எதுவும் வாங்கல. யாரையும் ஏமாத்தல. நடந்தது என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். நாப்பது வருஷமா அதை முழுங்கிக்கிட்டு, உங்க கல்யாணத்துக்கெல்லாம் வந்து பந்தியில உக்காந்து சிரிச்சுப் பேசிட்டுப் போயிருக்கேன்.

நாம அஞ்சாவது முடிச்ச வருஷம் அது. ஆறாவதுக்கு மரக்காணத்துலயே அந்தப் பெரிய ஸ்கூலுக்குப் போகணும். புதுசா வந்த பெரிய டீச்சர், பொண்ணுங்க எல்லாரும் கருப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டுத்தான் வரணும், இல்லன்னா ப்ரேயர்ல நிக்க விடமாட்டேன்னு சொல்லிட்டாங்க. நம்ம தெருவுல அதுவரைக்கும் ஷூ போட்டவங்க யாரு? ஒருத்தரும் கிடையாது. உப்பளத்துல வேலை செய்யறவங்க வீட்டுல ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தாலே பெருசு.

அந்த மே மாசத்து வெயில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உப்பு நல்லா வெளஞ்ச வருஷம். லீவுல நாமளும் பாத்திக்குப் போவோம். பெரியவங்க பலகையால உப்ப இழுத்துக் குவிப்பாங்க, நாம வரப்புல தண்ணிப் பானையோட உக்காந்திருப்போம், கொஞ்ச நேரம் நாமளும் எறங்கி மிதிப்போம். வெள்ளை வெளேர்னு கண்ணைக் கூசும். மூக்குல எப்பவும் சேறும் உப்பும் கலந்த ஒரு வாடை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைக் கழுவினா வெடிப்புல தண்ணி படுறப்போ எரியும் பாருங்க, உயிர் போயிடும். எங்க அத்தை எனக்கு வேப்பெண்ணெய் தடவி விடுவாங்க. அவங்க காலைப் பாத்தா என் காலெல்லாம் ஒண்ணுமே இல்ல.

அத்தைக்கு அப்போ முப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருஷன் மெட்ராசுக்கு வேலைக்குப் போனவரு அங்கயே இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாரு. புள்ள கிடையாது. எங்க வீட்டுல சமையல்கட்டுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி, ஒரு பாய், அதுதான் அவங்க இடம். அம்மா அவங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்க, ஆனா ஒண்ணும் கேக்கவும் மாட்டாங்க. தெருவுல ஒரு கல்யாணம் காட்சின்னா அத்தைய முன்னால கூப்பிடமாட்டாங்க. உங்க அம்மாங்களும்தான், மறைச்சு என்ன ஆவப்போவுது.

ஆனா வருஷத்துல ஒரு வாரம் மட்டும் தெருவே அவங்களத் தேடி வரும். ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னால வர்ற வாரம்.

இப்போ எல்லா ஊருக்கும் ஒரே வரி ஆயிடுச்சு. அப்போ அப்படி இல்ல. பாண்டியில டாக்ஸ் கம்மி, எதை வாங்கினாலும் இங்கத்து விலைய விட மிச்சம். ஆனா ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு பஸ் ஏறினா மிச்சம் புடிச்சதெல்லாம் டிக்கெட்டுக்கே போயிடும். கூலியும் போயிடும். அதனால அத்தை ஒருத்தி போவாங்க, தெருவுக்கே வாங்கிக்கிட்டு வருவாங்க. யாருகிட்டயும் ஒரு டீக்குக்கூட காசு வாங்கினது கிடையாது. பாண்டியில எந்தத் தெருவுல சட்டைத்துணி நல்லா இருக்கும், எங்க நோட்டு வாங்கணும், எல்லாம் அத்துப்படி. இத்தனைக்கும் அவங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

அந்த வருஷம் பாண்டியில ஒரு கடைக்காரர் பெருசா போர்டு வச்சிருந்தாரு. பள்ளி திறப்பை முன்னிட்டு பத்து நாளைக்கு வரி கிடையாதுன்னு. கம்மி வரியே நமக்கு லாபம், வரியே கிடையாதுன்னா கேக்கணுமா? தெருவுல பெரிய பேச்சு. ஷூ செலவு எப்படின்னு முழிச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கெல்லாம் அப்பாடான்னு இருந்துச்சு. அந்தக் கடைக்காரர் வரிய நமக்காக விட்டுக்கொடுக்கல, பில்லு போடாம அவருதான் கட்டாம தப்பிச்சாருன்னு எனக்கு வேலைக்குப் போயி விவரம் தெரிஞ்சப்புறம்தான் புரிஞ்சுது.

இப்போ அத்தை அளவு எடுத்த குச்சி விஷயத்துக்கு வர்றேன்.

ஆளு இல்லாம ஷூ எப்படி வாங்கறது? அத்தை ஒரு வழி வச்சிருந்தாங்க. செருப்பு வாங்கறதுக்கே அவங்க அப்படித்தான் செய்வாங்க. புதுத் தொடப்பம் ஒண்ணு வாங்கி, கூட்டறதுக்கு முன்னாலயே அதுலேர்ந்து குச்சிய உருவுவாங்க. புள்ளையத் தரையில நிக்க வச்சு, குதிகால்லேர்ந்து கட்டை விரல் நுனி வரைக்கும் குச்சிய வச்சு, நகத்தால கிள்ளி ஒடிப்பாங்க. அந்தக் குச்சியில அந்தந்த வீட்டுப் பழைய துணியில கிழிச்ச ஒரு துண்டைக் கட்டிடுவாங்க. பேர் எழுதத் தெரியாதில்ல, துணியப் பாத்தே இது இன்னார் வீட்டுப் புள்ளன்னு சொல்லிடுவாங்க. காலை நேரத்துல அளக்கமாட்டாங்க. "சாயங்காலம்தான்டி காலு வீங்கி நிஜ அளவுக்கு வரும். காலைல அளந்து வாங்கினா மத்தியானமே கடிக்கும்"னு சொல்லுவாங்க. ஷூவுக்குள்ள குச்சிய விட்டு, முன்னால ஒரு விரல் இடம் இருக்கான்னு பாப்பாங்க. அந்த ஒரு விரல் புள்ள வளர்றதுக்கு.

அன்னைக்கு சாயங்காலம் ஏழு வீட்டுப் பொண்ணுங்களும் எங்க வீட்டு வாசல்ல நின்னீங்க. ஒருத்தி கூச்சத்துல காலை இழுத்துக்கிட்டா, அத்தை கணுக்காலைப் புடிச்சுக்கிட்டு, "நில்லுடி எம்மா, உன் காலை நானா தின்னுடப் போறேன்"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். என்னுதோட சேத்து எட்டுக் குச்சியும் முறத்துல வரிசையாக் கெடந்துச்சு. அப்போ மேஸ்திரி பொண்ணு அவ குச்சியையும் என் குச்சியையும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்துல புடிச்சா.

"அடியே, இங்க பாருங்கடி. இது பொண்ணு காலா, எங்கப்பா காலா? எம்மாம் நீளம்! உப்பு மிதிச்சு மிதிச்சு மண்ணு வெட்டுற மம்முட்டியாட்டம் ஆயிடுச்சு!"

நீங்க சிரிச்சீங்க. நான் குறை சொல்லல, பதினோரு வயசுப் பொண்ணுங்க வேற என்ன செய்யும்? அத்தைகூட, "போடி வாயாடி, காலு பெருசா இருந்தா நல்லா நிப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு மட்டும் காது ரெண்டும் சூடாயிடுச்சு. அவ அப்பா மேஸ்திரி, பாத்தியில எங்கப்பாவையும் அத்தையையும் வேலை வாங்குறவரு. அவ பாத்தியில எறங்கவே மாட்டா. குடையப் புடிச்சுக்கிட்டு வரப்புல நிப்பா. அந்தக் காலும் இந்தக் காலும் ஒண்ணா இருக்குமா? அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரல. வந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது.

நீங்க எல்லாரும் கெளம்பிப் போனீங்க. அத்தை தண்ணி புடிக்கக் கொழாய்க்குப் போனாங்க. முறம் அங்கயே இருந்துச்சு. பச்சைப் பூப்போட்ட துண்டு கட்டின குச்சி அவளோடது. எடுத்தேன். அத்தை வளர்றதுக்கு ஒரு விரல் விட்டு வாங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு விரல் ஒடிச்சா ஷூ கால்ல கச்சிதமா நுழைஞ்சுடும். அதனால ரெண்டு விரல் ஒடிச்சேன்.

இந்த ஒரு வரிய எழுதறதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஏதோ சின்னப் புள்ள, கோவத்துல தெரியாம செஞ்சுட்டான்னு நீங்க சொல்லுவீங்க. தெரியாம இல்ல. விரலை வச்சு அளந்து, யோசிச்சு, கிள்ளினேன். ஒடிஞ்ச துண்டை வாயில போட்டு மென்னு துப்பிட்டேன்.

அடுத்த நாள் அத்தை பாண்டிக்குப் போறப்போ என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. போர்டு படிக்கறதுக்கும் மூட்டை புடிக்கறதுக்கும். புடவைத் தலைப்புல காசு முடிச்சு, மஞ்சப்பையில குச்சிக் கட்டு. பஸ்ல எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்தாங்க. வழியில வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் குடுத்தாங்க. அவங்க மூஞ்சியில அன்னைக்கு ஒரு களை. புதுசா கஞ்சி போட்ட புடவை. "தெருவே என்னை நம்பி அனுப்புதுடி, பாத்தியா"ன்னாங்க. நான் வெள்ளரிப் பிஞ்சத் தின்னுக்கிட்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கடையில சரியான கூட்டம். புது ரப்பர் வாடை, பசை வாடை, வேர்வை. கடைக்காரர் முதல்லயே சத்தம் போட்டுச் சொல்லிட்டாரு. "வரி இல்லாத சாமானுக்கு பில்லு கிடையாது. பில்லு இல்லன்னா திருப்பி எடுக்கமாட்டோம். நல்லா பாத்து வாங்கிக்கங்க!"

"சைஸ் நம்பர் சொல்லும்மா"ன்னாரு அத்தைகிட்ட.

"நம்பர் எதுக்குப்பா, குச்சி கீது"ன்னு அத்தை மஞ்சப்பையைத் தொறந்தாங்க. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அத்தை கண்டுக்கல. ஒவ்வொரு ஷூவா எடுத்து, உள்ள குச்சிய விட்டு, முன்னால விரலை வச்சு அமுக்கிப் பாத்து, தையலை இழுத்துப் பாத்து, அப்புறம்தான் சாக்குல போட்டாங்க. ப்ளாட்பாரத்து ஷூவாம்! அன்னைக்கு அந்தக் கடையில அவங்களாட்டம் பாத்து வாங்கினவங்க ஒருத்தரும் இல்ல. நான் பக்கத்துல நின்னு பாத்தவ.

கடைசியா பச்சைப் பூத்துண்டு. அத்தை குச்சியக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"இன்னாடி இது, இம்மாத்தூண்டு இருக்குது? மேஸ்திரி பொண்ணு உன் வயசு தானே?"

என் நாக்கு எப்படி அவ்ளோ சுருக்கா பொரண்டுச்சுன்னு இப்பவும் தெரியல. "அவளுக்கு சின்னக் காலுதான் அத்தை. அவளே நேத்து சொல்லிக் காட்டினா இல்ல?"ன்னேன்.

அத்தைக்கு அப்பவும் மனசு ஒப்பல. ஒரு சைஸ் பெரிய ஷூவக் கையில எடுத்தாங்க. "எதுக்கும் பெருசா வாங்கிடலாமா? பத்தலன்னா திருப்பி எடுக்க மாட்டேன்றானே."

"வாணாம் அத்தை. பெருசா இருந்தா கழண்டு கழண்டு வரும். அவங்கம்மா உன்னைத்தான் திட்டுவாங்க."

அத்தை பெரிய ஷூவத் திருப்பி வச்சுட்டு சின்னதை எடுத்தாங்க. என் பேச்சை நம்பித்தான் எடுத்தாங்க.

திரும்பி வர்றப்போ இன்னொரு கூத்து. பாண்டி சாமானப் புது டப்பாவோட கொண்டு போனா கோட்டக்குப்பம் தாண்டறப்போ போலீஸ் புடிச்சு டாக்ஸ் கட்டச் சொல்லுவாங்கன்னு நம்ம பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரு பயம். பஸ் ஸ்டாண்டுலயே அத்தை டப்பா, அட்டை, விலை ஒட்டின காகிதம் எல்லாத்தையும் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு, ஷூவோட அடியில மண்ணை வேற தேச்சாங்க. சாக்குக்கு மேல கத்திரிக்காயப் பரப்பி வச்சாங்க. போலீஸ்காரர் ஏறினாரு. சாக்கைத் தட்டி, "பாட்டில் கீட்டில் இருக்கா?"ன்னாரு. "ஐயோ சாமி, புள்ளைங்க சாமானுங்க"ன்னு அத்தை கும்புட்டாங்க. அவரு எறங்கிப் போயிட்டாரு. அவங்க தேடினது சாராயத்தை. புள்ளைங்க ஷூவ யாரு தேடினா? அந்த வீண் பயத்துல விலைக் காகிதமும் போச்சு. கையில பில்லும் இல்ல, டப்பாவும் இல்ல.

தெருவுக்கு வந்து சாக்கைப் பிரிச்சாங்க. நீங்க ஆறு பேரும் போட்டுப் பாத்தீங்க. கரெக்டா இருந்துச்சு. முன்னால ஒரு விரல் இடம், சொல்லி வச்சாப்புல. டக்கு டக்குன்னு வாசல்ல நடந்து காட்டினீங்க. மேஸ்திரி பொண்ணு காலை விட்டா, பாதியில நின்னுடுச்சு. அவங்கம்மா குந்தி உக்காந்து அமுக்கினாங்க. குதிகால் வெளியவே தொங்குது. "ஆ, வலிக்குதும்மா"ன்னு அவ கத்தினா.

அத்தை ஓடிப் போயி குச்சிய எடுத்தாந்து அவ காலுக்குக் கீழ வச்சாங்க. ரெண்டு விரல் கம்மி. அத்தை மூஞ்சி அப்படியே செத்துப்போச்சு. குச்சியோட நுனியத் தடவித் தடவிப் பாத்தாங்க.

"நேத்து இவ காலு ஒரு அளவு, இன்னைக்கு ஒரு அளவா?"ன்னு மேஸ்திரி வீட்டம்மா எழுந்து நின்னாங்க. "சின்ன ஷூ விலை கம்மிதானே? மீதிய எங்க முடிஞ்சு வச்சிருக்க? பில்லக் காட்டு."

"பில்லு குடுக்கலக்கா. வரி இல்லாததுக்குக் குடுக்க மாட்டாங்களாம்."

"டப்பா எங்க? விலை ஒட்டின சீட்டு எங்க?"

"செக்கிங்குக்கு பயந்து தூக்கிப் போட்டுட்டேன்க்கா."

"ஓஹோ. பில்லும் இல்ல, டப்பாவும் இல்ல, குச்சிய மட்டும் ஒடிச்சு எடுத்துக்கினு வந்து என் கண்ணுல மண்ணைத் தூவுறியா? ப்ளாட்பாரத்துல பொறுக்கியாந்துட்டு கதை உட்றியா? புருஷன் உட்டுட்டுப் போனவகிட்ட காசைக் குடுத்தேன் பாரு, என்னை சொல்லணும்."

தெருவே நின்னுச்சு. இப்போ உங்கள ஒண்ணு கேக்கறேன். உங்க ஆறு பேரு காலுக்கும் ஷூ சரியாத்தானே இருந்துச்சு? உங்க அம்மாங்கள்ல ஒருத்தர் வாய்விட்டு அதைச் சொன்னாங்களா? சொல்லல. மேஸ்திரி வீட்டைப் பகைச்சுக்கிட்டா பாத்தியில வேலை போயிடும். சரி, உங்கள என்னத்தச் சொல்றது? நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். என் ஷூ என் கால்ல இருந்துச்சு.

எங்கப்பா வேலை முடிஞ்சு வந்தாரு. விஷயத்தைக் கேட்டாரு. எல்லாரும் பாக்க, "அக்கா, எடுத்திருந்தா சொல்லிடுக்கா. நான் குடுத்துடறேன்"ன்னாரு. நல்லது செய்றதா நெனச்சுத்தான் சொன்னாரு. சண்டைய முடிக்கணும்னு, மேஸ்திரிகிட்ட வேற ஷூ வாங்கித் தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. அவரு ஒத்துக்கிட்டதுமே அத்தை எடுத்தது நெசம்னு ஆயிடுச்சு. கூடப் பொறந்த தம்பியே நம்பலன்னா வேற யாரு நம்புவாங்க?

அத்தை அந்தச் சின்ன ஷூவ எடுத்துக்கிட்டுப் போயி, ஈர உப்பை உள்ள கெட்டியா அடைச்சு வெயில்ல வச்சாங்க. உப்பு எறுகுறப்போ தோலை அகட்டிக் குடுக்கும்னு நெனச்சுட்டாங்க பாவம். ரெண்டு நாள் வெயில்ல கெடந்துச்சு. வெளிய எடுத்தப்போ தோலெல்லாம் வெள்ளையா பூத்துப்போயி, பக்கத்துல வாயைப் பொளந்துக்கிச்சு. "பாத்தீங்களா, நல்ல ஷூவா இருந்தா இப்படிப் பிரியுமா?"ன்னு மேஸ்திரி வீட்டம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த ப்ளாட்பாரத்து ஷூ கதை.

மறுநாள் மேஸ்திரி ஆள் விட்டு அனுப்பிச்சாரு, அத்தை பாத்திக்கு வரவேணாம்னு. பக்கத்துப் பாத்தியிலயும் சேத்துக்கல. ஸ்கூல் திறந்து ஒரு வாரம் இருக்கும், அத்தை பெட்டியத் தூக்கிக்கிட்டு கோட்டக்குப்பத்துக்குக் கெளம்பிட்டாங்க. அங்க ஒரு வீட்டுல புருஷன் துபாய்ல, மூணு சின்னப் புள்ளைங்க, வீட்டோட இருந்து பாத்துக்க ஆள் வேணும்னு யாரோ சொன்னாங்களாம். அம்மா அழுதாங்க. அப்பா வெளிய வரல. அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "ஷூவத் தொடைச்சுத் தொடைச்சுப் போட்டுக்கோ, ரெண்டு வருஷம் வரும்"ன்னாங்க.

எனக்கு அழுகையே வரல. உண்மையச் சொல்றேன், அப்பாடா, இனிமே மாட்டமாட்டோம்னு இருந்துச்சு. அந்த ஷூ ரெண்டு வருஷம் வந்துச்சு. ஒரு நாளும் கடிக்கல.

அதுக்கப்புறம் நான் படிச்சேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆச்சு. தீபாவளிக்கு அத்தைக்குப் புடவை அனுப்புவேன். நேர்ல போனா அரை மணி நேரத்துக்கு மேல உக்காரமாட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்துடுவேன். எங்கப்பா சாகறப்போ அக்கா அக்கான்னாரு. அப்பவாவது அவரு காதுல சொல்லியிருக்கலாம். சொல்லல. பயம் போயி வெக்கமாச்சு, அதுவும் நாளாக நாளாகப் பழகிப்போச்சு. அந்த மஞ்ச மூஞ்சிய நான் அமுக்கினேன் பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கே என்னைப் பாத்து அருவருப்பா போச்சு.

நாலு நாள் முன்னால கோட்டக்குப்பம் போனேன். அந்த வீட்டுல இப்போ பெரிய பையனோட சம்சாரம்தான் எல்லாம் பாத்துக்குது. "வாங்கம்மா, உக்காருங்க"ன்னு டீ குடுத்துச்சு. அத்தை பின்கட்டுல கட்டில்ல உக்காந்து கொத்தவரங்கா கிள்ளிக்கிட்டு இருந்தாங்க. எழுவத்தஞ்சு தாண்டியாச்சு, உடம்பு காஞ்சு போயிருக்குது. இடுப்புல பீரோ சாவி தொங்குது.

அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. "எங்க வீட்டுக்காரரு, அவரு தங்கச்சிங்க எல்லாரையும் வளத்தது இவங்கதாங்க. நகை, பணம், சாவி எல்லாம் இவங்ககிட்டத்தான். ஆனா ஒண்ணுங்க, கடைக்கு மட்டும் போகவே மாட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு தீப்பெட்டி வாங்கினது கிடையாதுன்னு எங்க மாமியாரே சொல்லுவாங்க. காசைக் குடுத்து அனுப்பினா வாசல்லேர்ந்தே திரும்பி வந்துடுவாங்க. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டாங்க."

அது அந்தப் பக்கம் போனதும் நான் கட்டிலுக்குக் கீழ உக்காந்து அத்தை காலைப் புடிச்சுக்கிட்டேன். "அத்தை, அந்தக் குச்சிய நான்தான் ஒடிச்சேன். மேஸ்திரி பொண்ணு என்னைக் கிண்டல் பண்ணினான்னு ரெண்டு விரல் ஒடிச்சேன். கடையில நீ கேட்டப்போ பொய் சொன்னேன். நீ தப்பு பண்ணல அத்தை"ன்னு அழுதுக்கிட்டே சொல்லி முடிச்சேன்.

அத்தை கொத்தவரங்காயக் கீழ வச்சாங்க. என் தலையத் தடவினாங்க.

"போடி பைத்தியம். எனக்காவ பொய் சொல்றியா? கிழவி சாவறதுக்குள்ள மனசு ஆறட்டும்னு வந்தியாக்கும்? வாணாம்டி, பழிய நீ இழுத்துக்காத, உன் புள்ளைங்களுக்கு ஆகாது. நான்தான் தப்பா கிள்ளிட்டேன். எத்தினியோ நாளு யோசிச்சுப் பாத்துட்டேன். பேசிச் சிரிச்சுக்கினே அளந்தேன் பாரு, கவனம் இல்ல. கடையிலயே சந்தேகம் வந்துச்சு, அப்பவாவது பெருசா எடுத்திருக்கணும். ஒரு புள்ளைக்கு ஷூ இல்லாம பண்ணிட்டேன். திருடல, ஆனா தப்பு என்னுதுதான்."

"இல்ல அத்தை, சத்தியமா நான்தான்"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். அவங்க நம்பல. என் வாயப் பொத்திட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, "அன்னைக்கு அந்தத் தெருவே பேசிச்சு. என் தம்பியே பேசினான். நீ ஒருத்திதான் ஒரு வார்த்தை சொல்லல. கதவாண்ட நின்னுக்கினு என்னையே பாத்துக்கினு இருந்த. இந்த ஒரு புள்ளயாவது என்னை நம்புதேன்னுதான்டி நான் அன்னைக்கு உசுரோட பஸ் ஏறினேன்."

அப்புறம் எப்படி வெளிய வந்தேன்னு தெரியல.

மேஸ்திரி பொண்ணே, உன்கிட்ட ஒரு உதவி கேக்கறேன். அப்போ நீ சின்னப் புள்ள, உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உன் ஷூவக் கெடுத்தது நான்தான். ஸ்கூல் திறந்த முதல் நாள், எங்கப்பா வேற ஷூ வாங்கித் தர்றதுக்கு முன்னால, உன்னை ப்ரேயர்ல நிக்க விடாம வெளிய அனுப்பினப்போ, நான் ஷூ போட்டுக்கிட்டு வரிசையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். என்னை என்ன வேணா திட்டு, குரூப்பை விட்டுத் தூக்கு, நான் கேட்டுக்கறேன். ஆனா ஒரு தடவை கோட்டக்குப்பம் வா. நான் சொன்னா அவங்களுக்குப் பாசத்துல சொல்ற பொய்யாப் படுது. உனக்கு அவங்க மேல பாசம் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும், நீ சொன்னா நம்புவாங்க. அவங்க திருடலன்னும் சொல்லு, அளவும் தப்பா எடுக்கலன்னும் சொல்லு. ரெண்டையும் சொல்லணும். வர்ற ஞாயித்துக்கிழமையே போலாம், நான் வாசல்லயே நின்னுக்கறேன். அத்தைக்குக் கண்ணுல புரை விழுந்துடுச்சு, உன்னை அடையாளம் தெரியாது, நீதான் யாருன்னு சொல்லிக்கணும். காது இன்னும் நல்லாத்தான் கேக்குது.